கலியபெருமாள் கொல்லையில் ஒரு புள்ளி

புதுச்சேரிக்கு நான் போனது ஒரு புள்ளியை அழிக்க. கடற்கரையைப் பார்க்கவில்லை, ஆசிரமத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "பாண்டிக்கா போனே? ஜாலிதான்" என்று கண்ணடித்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஜாலியாக இல்லை.

நான் தூத்துக்குடிக்காரி. வேலை பார்ப்பது பாங்காக்கில். பிழைக்கப் போன இடத்தில் காணாமல் போனவர்களை உலக வரைபடத்தில் ஆளுக்கொரு சிவப்புப் புள்ளியாகக் குறித்துவைக்கும் சின்ன அமைப்பு எங்களுடையது. வரைபடம் என் பொறுப்பு. அதை யாராவது பாராட்டினால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொள்கிற அளவுக்கு எனக்கு அதில் பெருமை இருந்தது.

ஒருநாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. "ஐயா, எங்கள் கொல்லையில் நீங்கள் வைத்திருக்கும் சிவப்புப் பொட்டை உடனே எடுக்கவும். யார் யாரோ வந்து பிள்ளையைக் கேட்கிறார்கள். நாங்கள் யார் பிள்ளையையும் வைத்திருக்கவில்லை. இப்படிக்கு கலியபெருமாள், விவசாயி." நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் ஆபீசே சிரித்தது. நானும் சிரித்தேன்.

விஷயம் இதுதான். காணாமல் போனவர் கடைசியாக எங்கே இருந்தார் என்று தெரியாமல் மாவட்டம் மட்டும் தெரிந்தால், அந்த மாவட்டத்தின் நட்டநடுவில் புள்ளி விழும்படி செய்திருந்தேன். கம்ப்யூட்டரே நடுவைக் கண்டுபிடித்து வைத்துவிடும். புதுச்சேரியின் நட்டநடு, கரிக்கலாம்பாக்கம் தாண்டி ஒருவருடைய நிலத்தில் போய் விழுந்திருக்கிறது. புதுச்சேரியில் தொலைந்தவர்கள் எல்லோரும் அங்கே ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்திருக்கிறார்கள். அது ஒரு மனிதருடைய கொல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இப்பவே எடுத்துடறேன்" என்றேன். எங்கள் தலைவி, டச்சுக்காரி, நிதானமானவள், தடுத்தாள். "அங்கே வருகிறவர்கள் யார், எதற்கு வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு எடு. நீ தமிழச்சிதானே, போய்ப் பார்த்துவிட்டு வா."

ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் ரயிலிறங்கி வில்லியனூர் பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் வரைபடத்தைத் திறந்தால் நீலப்புள்ளி தமிழ்நாடு என்கிறது, சற்று நேரத்தில் புதுச்சேரி என்கிறது, கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் மறுபடி புதுச்சேரி. எல்லைக்கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எலி கடித்த துணி மாதிரி இருந்தது. கண்டக்டரிடம், "அண்ணே, இப்ப நாம எந்த ஸ்டேட்ல இருக்கோம்?" என்று கேட்டேன்.

"வண்டியில கீறோம். உக்காரும்மா" என்றார் அவர்.

பக்கத்து சீட்டுப் பெண் சிரித்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தாள். வரிசையாகச் சாராயக் கடையும் பெட்ரோல் பங்கும் வந்தால் புதுச்சேரி. அவை நின்றுபோனால் தமிழ்நாடு. எல்லைக்கல் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள்.

வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். கீழே ஓட்டலில் தோசைக்கு வடகறி ஊற்றினார்கள். பாங்காக்கில் எத்தனையோ தின்றிருக்கிறேன், இந்த வடகறிக்கு ஈடு கிடையாது. சட்னியை மட்டும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்து கற்றுக்கொள்ளட்டும். மூன்றாவது தோசைக்கு நான் தயங்க, சர்வர் கேட்காமலே போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆட்டோ. வழிக்கு என் போனைக் காட்டினேன். வரைபடக்காரி இல்லையா, நானே வழி சொன்னேன். அது எங்களை ஒரு வாய்க்கால் கரைமேல் கொண்டுபோய் நிறுத்தியது. முன்னால் தண்ணீர், பின்னால் திரும்ப இடமில்லை. ஆட்டோக்காரர் இறங்கி, வண்டியைப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு, "போனை உள்ள வெச்சிட்டு வாயால கேட்டுகினு போலாமா மேடம்?" என்றார். வாயால் கேட்டோம். "பொட்டு வெச்ச கொல்லையா? நேராப் போ" என்றாள் புல்லுக்கட்டுக்காரி. ஊர் முழுக்க அந்தக் கொல்லைக்கு இந்தப் பெயர்தான் வழங்குகிறது என்று அப்போது தெரிந்தது.

ஒரு பக்கம் கரும்பு. நடுவில் பயிர் வைக்காமல் விட்ட நிலம், அதில் மஞ்சள் அடித்த மனைக்கற்கள். அந்தப் பக்கம் தார் ரோடு. வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா, நீங்கதான் பொட்டு வெச்ச பார்ட்டியா?"

"ஆமா அண்ணாச்சி."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வெச்சிகிறேன்?" என்று சீறினார் கலியபெருமாள். எங்கள் ஊரில் மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை, இங்கே தெற்கத்திக் கடைக்காரரைத்தான் குறிக்குமாம். ஐயா என்று மாற்றிக்கொண்டேன். அதற்கும் அவர் முகம் மலரவில்லை.

"வெள்ளாம கட்டுப்படியாவலன்னு மனை போட்டேன் மேடம். கல்லு நட்டு, பூசை போட்டு, எல்லாம் ஆச்சி. வாங்க வர்றவன் போன்ல பாக்கறான். 'இன்னா பெரியவரே, செவப்பா கீது, பொணம் கிணம் பொதைச்சிகிறீங்களா'ன்னு கேக்கறான். நான் இன்னான்னு சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன், அழித்துவிடுகிறேன் என்றேன். அவர் ஒரு யோசனை சொன்னார். "அழிக்கறது கஷ்டம்னா வேணாம். கொஞ்சம் தள்ளி வெச்சிடுங்க. ரோட்டுக்கு அந்தாண்ட. அது தமிழ்நாடு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "இன்னா சிரிக்கறீங்க? இங்க எல்லாமே அப்டித்தான். இந்தாண்ட மாடு செத்தா ராவோட ராவா அந்தாண்ட இழுத்து வுட்டுடுவோம், அவங்க கொம்யூன்... அவங்க பஞ்சாயத்து பாத்துக்கும். அவங்க மாடு செத்தா இங்க இழுத்து வுடுவாங்க." ஒன்றியம் என்று நாம் சொல்வதை இங்கே இன்னமும் கொம்யூன் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன சொல்.

"அது கெடக்கட்டும். மொதல்ல அந்தம்மாவப் பாருங்க" என்று மோட்டார் கொட்டகையைக் காட்டினார். வந்த மற்றக் குடும்பங்கள் பார்த்துவிட்டு, அழுதுவிட்டுப் போய்விட்டார்களாம். இவள் மட்டும் போகவில்லை.

கொட்டகை வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கலியபெருமாள் மனைவி அஞ்சலை. மற்றவள் பூல்மதி, ஜார்க்கண்டிலிருந்து வந்தவள், நெற்றி நிறையச் செந்தூரம். அஞ்சலை தமிழில் பேசுகிறாள், பூல்மதி இந்தியில் பதில் சொல்கிறாள், இருவரும் தலையாட்டிக்கொள்கிறார்கள். "இவ மருமவ சரியில்லையாம்" என்று அஞ்சலை எனக்கு விளக்கம் வேறு சொன்னாள். பூல்மதிக்கு மருமகளே கிடையாது என்று பிறகு தெரிந்தது.

எனக்கு இந்தி அரைகுறை. நான் எந்த ஆபீசிலிருந்து வருகிறேன் என்று சொல்லி முடிக்குமுன் பூல்மதி எழுந்துவிட்டாள். கீரைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவனைப் பார்த்தது நீங்கள்தானா?" என்று கேட்டாள்.

முதலில் புரியவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். மகன் பெயர் பிர்ஜு. சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் போன் நின்றுபோனது. அவள் ஊர்க்காரர் யாரோ அவன் பெயரையும் மாவட்டத்தையும் மட்டும் எங்கள் அமைப்புக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஊரில் ஒரு பையன் எங்கள் வரைபடத்தைத் திறந்து, பிர்ஜு பெயர் இருந்த புள்ளியைக் காட்டி, கலரில் அச்செடுத்துக் கொடுத்தான். சேதராப்பட்டில் வேலை செய்தவன் இவ்வளவு தூரம் இந்தக் கொல்லைக்கு எதற்கு வந்தான் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் யாரோ அவனை இங்கே பார்த்திருக்கிறார்கள். பார்க்காமல் யார் குறி வைப்பார்கள்? குறி வைத்தவர் என்றைக்காவது இங்கே வருவார், அவரிடம் மகன் என்ன சட்டை போட்டிருந்தான், சாப்பிட்டிருந்தானா என்று கேட்கலாம் என்று காத்திருந்திருக்கிறாள். நான் வந்து நிற்கிறேன்.

பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. நான் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை, அது தெரியாது என்பதற்கு நாங்கள் வைக்கிற குறி என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "நான் ஆபீஸ் ஆள்தான். விசாரித்துச் சொல்கிறேன்" என்றேன். என் இந்தி வேறு எதற்கும் உதவாவிட்டாலும் இந்தப் பொய்க்குப் போதுமானதாக இருந்தது.

அஞ்சலை சோறு போட்டாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். பூல்மதி கருவாடு தொடமாட்டாள், அவளுக்குத் தனியாகக் கத்தரிக்காய் வதக்கி வைத்திருந்தாள். "சாப்புடும்மா, கூச்சப்படாத" என்று என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி விழுந்தது. குழம்பு அமிர்தம். வெட்கம் கெட்ட வயிறு எனக்கு, முழுதும் சாப்பிட்டேன்.

லாட்ஜுக்குத் திரும்பியதும், வெயில் இறங்குமுன்னே, கம்ப்யூட்டரைத் திறந்து புள்ளியை எடுத்தேன். மறுபடி யாரும் வைக்க முடியாதபடி விதியையும் மாற்றினேன். "இது பொய்ப் புள்ளி. ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக் கூடாது" என்று தலைவிக்குக் காரசாரமாக எழுதிப் போட்டேன். குளித்து முடித்த மாதிரி இருந்தது. பரோட்டா சாப்பிட்டேன். தூத்துக்குடிப் பரோட்டாவுக்குக் கால் தூசி பெறாது, ஆனாலும் ருசித்தது. விசாரித்துக்கொண்டு எடு என்று தலைவி சொன்னதை மறந்தே போனேன்.

மூன்றாம் நாள் பூல்மதி என்னைச் சேதராப்பட்டுக்குக் கூட்டிப்போனாள். கூட்டிப்போனது அவள்தான். பஸ் மாறுகிற இடமெல்லாம் அவளுக்கு அத்துப்படி, நான் பின்னால் ஓடினேன். அவளிடம் உண்மையைச் சொல்ல ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது, கூட்டமாக இருந்தது, அவள் தூங்கிவிட்டாள். சாக்குக்கா பஞ்சம்?

சேதராப்பட்டில் ஷிப்டு விடுகிற நேரம். முதுகில் பையும் காதில் போனுமாகப் பையன்கள் சாரிசாரியாக வெளியே வந்தார்கள். டீக்கடைக்காரர் உள்ளூர்த் தமிழையும் இந்தியையும் கலந்தடிக்கிறார். "ஏ பையா, காலி கிளாஸ் இதர் வை" என்கிறார், பையன்களும் சரியாக வைக்கிறார்கள். நாங்கள் பாங்காக்கில் மியான்மர் பிள்ளைகளிடம் இப்படித்தான் பேசுவோம்.

பிர்ஜுவோடு தங்கியிருந்த ஒருவனை அவள் கண்டுபிடித்துவைத்திருந்தாள். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தகரக் கூரை அறைகளைக் காட்டினான். "அங்கேதான் படுத்திருப்போம். வேலை இங்கே. அன்றைக்கு ரீசார்ஜ் பண்ணிவிட்டு வருகிறேன் என்று ரோட்டைத் தாண்டினான். வரவில்லை. கம்பெனியில் கேட்டால் அவன் எங்கள் ஆளில்லை, காண்ட்ராக்டர் ஆள் என்கிறார்கள். காண்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை." சொல்லிவிட்டு அவன் பூல்மதியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

வேலை செய்த பக்கம் புதுச்சேரி, அறை இருந்த பக்கம் தமிழ்நாடு. அந்தப் பிள்ளை தினமும் இரண்டு மாநிலத்தில் பிழைத்திருக்கிறான்.

மதியம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தபோது பூல்மதி மீதியைச் சொன்னாள். இந்தப் பக்கத்துப் போலீசிடம் போனாளாம். தங்கியிருந்தது அந்தப் பக்கம், அங்கே போ என்றார்கள். அந்தப் பக்கம் போனாள். வேலை பார்த்தது இந்தப் பக்கம், இங்கே ஏன் வந்தாய் என்றார்கள். திரும்பத் திரும்ப ரோட்டைத் தாண்டினாள். கடைசியில் குறி இருந்த கொல்லைக்கு வந்து, அந்த எல்லைக்குரிய மூன்றாவது ஸ்டேஷனுக்குப் போய், கலர்த் தாளை நீட்டினாள். வெளிநாட்டு ஆபீஸ், முத்திரை, ஆங்கிலம், நடுவில் சிவப்புப் புள்ளி. எஸ்.ஐ. பார்த்தார், உட்காரச் சொன்னார். "எங்க லிமிட்தான்" என்று புகாரை எடுத்துக்கொண்டார்.

இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை என் முன்னால் விரித்தாள். காணாமல் போன இடம் என்ற கட்டத்தில், எங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டுள்ள நிலம் என்று எழுதியிருந்தது. பிர்ஜுவின் போன் கடைசியாக எந்த டவரில் இருந்தது என்று போன் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்களாம். பதில் வந்தால் அவன் எங்கே போனான் என்று தெரியும் என்று அவள் சொன்னாள். அவள் முகத்தில் முதன்முறையாக ஒரு தெளிச்சல்.

அடிப் பாவி, என்ன காரியம் பண்ணினாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பொய்ப் புள்ளி ஒன்றுதான் இந்த மனுஷிக்கு ஒரு நாற்காலி வாங்கிக்கொடுத்திருக்கிறது. அதை நேற்று சாயந்திரம், அவளை ஒரு வார்த்தை கேட்காமல், என் மனசு குளிர நான் எடுத்துவிட்டேன்.

அவளைக் கொல்லையில் விட்டுவிட்டு நேராக அந்த ஸ்டேஷனுக்கு ஓடினேன். வாசலில் புதுச்சேரிப் போலீசின் சிவப்புத் தொப்பி. எஸ்.ஐ. இளைஞர், நல்ல மாதிரியானவர், அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஆபீஸ் பெயரைச் சொல்லி நான் விஷயத்தைச் சுற்றி வளைப்பதற்குள் அவரே போனைத் திறந்து காட்டினார்.

"இன்னிக்குக் காலையில பாத்தோம் மேடம். எங்க பொட்டக் காணோமே? நீங்க எடுத்துட்டீங்களா?"

"ஆமா. அது... உறுதியில்லாத தகவல்."

"அப்ப எங்க லிமிட்ல நடக்கல. இன்ஸ்பெக்டர் கேட்டாரு. கேசை அந்தப் பக்கத்துக்கு மாத்திடச் சொல்லிட்டாரு. டவர் லெட்டரும் நிக்கும். அவங்க எடுத்துகினா புதுசா எழுதுவாங்க."

"எடுத்துக்குவாங்களா?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெச்சிருக்கேன். அவன் எங்க லிமிட்ல இருந்தான்னு யாராச்சும் சொன்னா போதும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

வெளியே வந்து புளியமரத்தடியில் நின்று பாங்காக்குக்குப் போன் போட்டேன். புள்ளியை மறுபடி வைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். தலைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "பொய் என்று நேற்று எழுதியது நீதானே? பொய் என்று தெரிந்த பிறகு எப்படி வைப்பது? நாளைக்கு இன்னொரு தாய் அங்கே வந்து நிற்பாளே." அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவள்மேல் கத்தினேன். அதற்கும் சேர்த்து இப்போது வெட்கப்படுகிறேன்.

நான்காம் நாள் காலை சாக்கு எதுவும் மிச்சமில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போய், தரையில் உட்கார்ந்து, பூல்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் பார்க்கவில்லை. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் நடுவில் வைத்தோம். இப்போது எடுத்துவிட்டேன். அதனால் கேசும் போகப்போகிறது. என் இந்தியில் இதற்கெல்லாம் சொல் இல்லை, கையைக் காட்டியும் தரையில் கீறியும் சொன்னேன்.

அவள் அடிப்பாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. நான் கீறிய தரையைப் பார்த்தபடியே, "அங்கிருந்து எடுத்துவிட்டீர்கள். சரி. இப்போது அவனை எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாள்.

எனக்கு அழுகைதான் வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னா சொல்லிச்சி அந்தம்மா?" என்று அஞ்சலை உலுக்கினாள். எஸ்.ஐ. சொன்னதையும் சேர்த்துத் தமிழில் சொன்னேன். கலியபெருமாள் பம்புசெட்டுக் குழாயில் கால் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, நம்ம பொட்டு போயிடுச்சி. மனை வித்துடும்" என்றார். சொன்னவருக்கே அது நன்றாயில்லை போலிருக்கிறது, இருமினார்.

அஞ்சலை எழுந்தாள். "வித்து? வாரிக்கினு போவப்போறியா? ஒரு வார்த்த நீ சொன்னா ஆவுமாமே? போலீசு கேட்டா, ஆமா இங்க இருந்தான்னு சொல்லிட்டு வாயேன்யா. வாய் இன்னா தேஞ்சா போயிடும்?"

"ஏய், சொன்னா நம்ம கொல்ல கேசுல ஏறிடும்டி. அப்பறம் ஒருத்தன் எட்டிப் பாக்கமாட்டான். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். போ."

அவர் துண்டை உதறினார். கரும்பைத் திட்டினார், என்னைத் திட்டினார், பாங்காக்கைத் திட்டினார், அது எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு மறுபடி திட்டினார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, "வாங்க எல்லாரும். வண்டியில பெட்ரோல் இல்ல, ஆட்டோ கூப்புடுங்க" என்றார்.

ஸ்டேஷனில் அவர் பேசினதைக் கேட்க வேண்டுமே. கரும்புக்குத் தண்ணீர் கட்ட ஆள் வேண்டியிருந்ததாம். வடக்கத்திப் பையன் ஒருத்தன் வேலை கேட்டு வந்தானாம். போட்டோவைப் பார்த்ததும் இவன்தான் என்று தெரிந்ததாம். "நல்ல புள்ள சார். எங்க வூட்டுலதான் கூழு குடிச்சான். நீலச் சட்ட போட்டிருந்தான். பொழுது சாய்ஞ்சி கெளம்பிட்டான்." மூச்சு விடாமல் அளந்தார். நான் பூல்மதிக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பொய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துமே நீலச் சட்டை என்றபோது அவள் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க இன்னா சொல்றீங்க? உறுதியில்லாத தகவல்னு நேத்து சொன்னீங்க."

எத்தனை கூட்டத்தில், தரவு என்றால் சத்தியம் மாதிரி என்று மேஜையைத் தட்டிப் பேசியிருக்கிறேன். "இவர் சொல்றதுதான் சரி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். நேற்று உண்மையைச் சொன்னபோது வந்த வெட்கமும் இன்று பொய் சொன்னபோது வந்த வெட்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளவில்லை. இரண்டும் சேர்ந்தே உட்கார்ந்திருந்தன.

"சரி, இடத்துக்கு ஒரு ரஃப் ஸ்கெட்ச் வேணும்" என்று ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "நீங்க மேப் போடறவங்கதானே, நீங்களே போட்டுக் குடுங்க. எங்க ஏட்டு போட்டா கோழி கெளறின மாதிரி இருக்கும்."

போட்டேன். மேலே வடக்கு. கரும்பு, மோட்டார் கொட்டகை, மனைக்கற்கள், ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு என்று எழுதினேன். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. என் வாழ்நாளில் ஒரு கோட்டைக்கூட இவ்வளவு நிதானமாகப் போட்டதில்லை.

பூல்மதி குனிந்து பார்த்தாள். "இது என்ன?" என்று குறியைத் தொட்டாள்.

"பிர்ஜு கடைசியாக நின்ற இடம்."

"நின்றவன் கிளம்பிப் போனான் என்று பெரியவர் சொன்னாரே. போனதை நீங்கள் போடவில்லையே."

எஸ்.ஐ.யிடம் கேட்டேன். போடலாம், போன திசைக்கு ஒரு அம்புக்குறி போட்டால் நல்லது என்றார். குறியிலிருந்து ரோட்டை நோக்கி இழுத்தேன். ரோட்டுக் கோட்டை நெருங்கும்போது கலியபெருமாள் என் தோளருகே குனிந்து, எஸ்.ஐ.க்குக் கேட்காதபடி, "ரோட்டாண்டயே நிறுத்திடு தாயி. தாண்டுச்சின்னா அவங்க கேசு" என்றார்.

நிறுத்தினேன். கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் அம்பின் முனையைக் கூராக்கினேன்.

பூல்மதி அந்த முனைமேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. "இங்கே ஏன் நின்றுவிட்டான்?" என்று என்னைக் கேட்டாள். "எங்கள் ஊருக்கு வர ரயிலடிக்குப் போகிற பஸ் அந்தப் பக்கம்தானே நிற்கும்?"

"இன்னா கேக்கறாங்க?" என்றார் எஸ்.ஐ.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன்.